வளைந்தது டிஸ்க் இல்லை!

என் தங்கச்சி வீட்டுக்காரர் சேலம்–ஏற்காடு லைனில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மேலே போகும்போது அரிசி, சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம். கீழே வரும்போது காப்பிக்கொட்டை, மிளகு, சீஸனில் பலாப்பழம். 'சொந்த வண்டி' என்றுதான் சொல்லிக்கொள்வார். உண்மையில் பின் சக்கரம் இரண்டும் பேங்க்குடையது. முன் சக்கரம் இரண்டுக்காகத் தங்கச்சியின் எட்டுப் பவுன் அடகில் இருக்கிறது.

அந்த முன் சக்கரத்தில்தான் வில்லங்கம்.

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். சும்மா இல்லை. ஆடித் திருவிழாவில் அருள் வந்தவர் மாதிரி ஆடும். மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சுற்றிக்கூட வராமல், "டிஸ்க்கு பெண்டு. மாத்திரு" என்று தீர்ப்புச் சொன்னார். மாற்றினார்கள். ஐயாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடியது. மறுபடியும் அருள். மறுபடியும் மாற்றினார்கள். மறுபடியும்...

தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணா, நகையை மீட்கறதுக்குச் சேர்த்து வெச்ச காசெல்லாம் சக்கரத்துக்கே போகுது. நீதான் படிச்சவனாச்சே, என்னன்னு வந்து பாரேன்."

நான் படித்தது பி.காம். ஆனால் எங்கள் குடும்பத்தில் தோளில் பை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அதை நானும் கெடுத்துக்கொண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில், நான் ஜன்னலோரம், நடுவில் ஏழு வயது மருமகன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் பையன் எண்ணிக்கொண்டே வந்தான். மேலே 25 மூட்டை காப்பிக்கொட்டை ஏற்றினோம். மூட்டைக்கு 50 கிலோ. ஏரிக்கரையில் டீ குடித்தோம். இறங்க ஆரம்பித்தோம்.

சரிவு வந்ததும் மாப்பிள்ளை கியரை நியூட்ரலில் தள்ளினார். கால் பிரேக் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த கால் எழுந்திருக்கவே இல்லை.

பாதி மலை இறங்கியிருப்போம். "மாமா, யாரோ தோசையைக் கருக விட்டுட்டாங்க" என்றான் பையன். மலையில் ஏது தோசை? எனக்கும் வாசனை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இன்னொரு மிதி. அதுவும் பஞ்சு. என் பக்கம் பிரேக் கிடையாது. இருந்தும் நானும் மிதித்தேன். கையால் பையனைப் பிடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை மூச்சுக்கூட விடவில்லை. கியரை இரண்டாவதுக்குத் தள்ளினார். எஞ்சின் அலறியது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, மலைப்பக்கத்து வாய்க்கால் ஓரமாக உரசி நின்றது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரங்களில் புகை. கேனில் இருந்த தண்ணீரை எடுத்து ஊற்றினார். 'சுர்ர்ர்!'

"இப்படித்தான் தினமும் ஊத்துவீங்களா மாப்ளே?"

"அடிவாரத்துல நிறுத்தி ஊத்துவேன் மச்சான். சூடா இருக்குமில்ல?"

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு. சேலத்தில் ஒரு லேத்துப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். பட்டறைக்காரப் பெரியவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கில் எட்டு இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். மைக்ரோமீட்டரை எடுத்து எட்டு இடத்திலும் தடிமனை அளந்தார்.

"டிஸ்க்கு வளையலீங்க. வளைஞ்சிருந்தா தடிமன் எல்லா இடத்துலயும் ஒண்ணாத்தானே இருக்கோணும்? இது ஒரு இடத்துல ரொம்ப, ஒரு இடத்துல கம்மி."

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் மூன்று பங்காம்! தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. ஆனால் சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் பேடுகள் அந்த மேட்டில் ஒரு தரம், பள்ளத்தில் ஒரு தரம் ஏறி இறங்குகின்றன. அதுதான் ஸ்டியரிங் வரைக்கும் வந்து ஆடுகிறது.

மேடு எப்படி வந்தது? பெரியவர் சொன்னதையும் வீட்டுக்கு வந்து நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் தோசைக்கல் கதை. கல் அளவுக்கு மேல் காய்ந்திருக்கும்போது ஒரு தோசை ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் ஊற்றுகிற ஒவ்வொரு தோசையும் அதே இடத்தில்தான் ஒட்டும். டிஸ்க்கும் அப்படித்தான். மலையிறங்கிக் கொதிக்கிற டிஸ்க்கைப் பேடால் இறுக்கிப் பிடித்தபடி ஓரிடத்தில் நிறுத்தினால் பேடின் மசாலா அங்கே அப்பிக்கொள்ளும். அப்பிய இடத்தில் உரசல் அதிகம், சூடும் அதிகம். 650, 700 டிகிரிக்குப் போனால் அந்த இடத்து வார்ப்பிரும்பே குணம் மாறிக் கெட்டியாகிவிடும். லேத்தில் மேலாகச் சீவினாலும் வேர் உள்ளேயே இருக்கும். கஞ்சமலை இரும்பை வைத்துப் பேர் வாங்கிய சேலத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

காரல் ஸ்மித் என்று ஒரு ரேஸ் எஞ்சினீயர். 'டிஸ்க் வளைவது' என்பதே பெரும்பாலும் கட்டுக்கதை, பேடின் பொருள் ஏறுமாறாகப் படிவதுதான் நிஜம் என்று ஒரு கட்டுரையே எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டாவது காரணம் பஞ்சர் கடை. வீல் நட்டை மெஷினால் 'டர்ர்ர்' என்று ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக முடுக்கினாலும், டிஸ்க் உட்காருகிற ஹப்பில் துரு இருந்தாலும், புது டிஸ்க்கே ஒரு பொட்டு சாய்ந்துதான் உட்காரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்து மெலியும். 'புதுசு போட்டும் திரும்ப வந்துடுச்சே' என்று நாம் புலம்புவது அதனால்தான்.

மூன்றாவது, காலிப்பர். அதன் பின்கள் சேறும் துருவும் ஏறி மாட்டிக்கொண்டால், காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாது. வீட்டுக்கு வந்த சில விருந்தாளிகள் மாதிரி.

மலையில் ஏன் இது இத்தனை சீக்கிரம் வருகிறது என்று ஆபீஸ் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்காடு 1,500 மீட்டர். மூட்டையோடு சேர்த்து வண்டி சுமார் 3 டன். இந்த 3 டன்னை 1,200 மீட்டர் கீழே இறக்கும்போது வெளியாகும் சக்தி ஏறக்குறைய 10 யூனிட் கரண்ட்! நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். மூட்டையில் இருக்கிற காப்பியைப் போட்டு ஊருக்கே கொடுக்கலாம். காற்றும் சாலையும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தலையில் கட்டுவதா, பிரேக் தலையில் கட்டுவதா என்பதுதான் டிரைவரின் வேலை. நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக்குக்கு.

டிஸ்க் பிரேக் ஒன்றும் நேற்று வந்ததில்லை. லான்செஸ்டர் என்ற இங்கிலாந்துக்காரர் 1902-லேயே பேட்டண்ட் வாங்கினார். செம்பால் பேடு வைத்ததில் அது கிறீச்சிட்டே ஊரைக் கூட்டியது. 1953-ல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சூடு சீக்கிரம் ஆறும் என்பதுதான் டிஸ்க்கின் பெருமையே. ஆற நாம் விட்டால்தானே!

அன்றைக்குப் பெடல் பஞ்சானதற்கும் இதே சூடுதான் காரணம். பேடு அளவுக்கு மேல் காய்ந்தால் பிடிப்பு போய்விடும். பிரேக் ஆயிலும் கொதிக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்தால் 140-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குமிழி. நாம் மிதிப்பது குமிழியை. சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் ஆயிலை மாற்றச் சொன்னார் பெரியவர்.

மற்றபடி அவர் சொன்ன வைத்தியம் இதுதான்:

ஏறின கியரிலேயே இறங்கு. எஞ்சின் சத்தம் போட்டால் போடட்டும், அது உன்னைக் காப்பாற்றுகிற சத்தம்.

பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே வராதே. வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடி, வேகம் குறைந்ததும் விட்டுவிடு.

அடிவாரம் வந்ததும் டீக்கடையில் நிறுத்தாதே. ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிக் காற்றில் ஆறவிடு. நடுவில் நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பெடலிலிருந்து காலை எடு. தண்ணீர் ஊற்றவே ஊற்றாதே. திடீர்க் குளிர்ச்சியில் டிஸ்க் விரிசல் விட்டாலும் விடும்.

நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு முடுக்கு. டிஸ்க் மாற்றும்போது ஹப்பைத் துரு போகத் தேய். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்.

புது டிஸ்க், புது பேடு போட்டால் தோசைக்கல்லைப் பழக்குவதுபோலப் பழக்கு. காலி ரோட்டில் மிதமான வேகத்தில் போய், முழுசாக நிறுத்தாமல், பத்துப் பன்னிரண்டு தரம் வேகத்தைக் குறை. பிறகு ஆறவிடு.

பிக்கப் இல்லாதவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்காடு போகிறவர்களுக்கும் இதே விதிதான். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கர டிஸ்க்கைப் பாருங்கள். ஸீட் ஆடினால் பின் பக்க டிரம்மை. பிடிக்காமலே ஆடினால் அது பெரும்பாலும் வீல் பேலன்ஸிங், டிஸ்க்கைத் திட்டாதீர்கள்.

எங்கள் டிஸ்க்கைப் பெரியவர் அளந்து, இன்னும் தடிமன் பாக்கியிருக்கிறது என்று சீவியே கொடுத்தார். புதுசு வாங்கவேண்டாம் என்று அவரே சொன்னதில் மாப்பிள்ளைக்கு நம்பமுடியாத ஆச்சரியம்.

எல்லாம் முடிந்ததும் அவரிடம் ஒன்று கேட்டார் பெரியவர். "ஏனுங்க தம்பி, நியூட்ரல்ல போகச் சொல்லி எவன் சொன்னான்? டீசல் மிச்சமாகும்னு எவனாவது சொல்லியிருப்பானே? இப்ப வர்ற எஞ்சின்ல கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்தா டீசல் சொட்டுக்கூடப் போகாதுங்க. நியூட்ரல்லதான் ஐட்லிங்குக்குக் குடிக்கும்."

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. "யாரோ சொன்னாங்க" என்றார்.

வண்டி வாங்கிய வாரம், பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, ஒரு இறக்கத்துக்கு எத்தனை லிட்டர், மாசத்துக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு 'நியூட்ரல்ல விடுங்க மாப்ளே' என்று சொன்ன அந்த யாரோ, படித்தவன், தோளில் பை மாட்டியவன், பக்கத்தில் நின்று வீல் நட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

ராத்திரி தங்கச்சி வீட்டில் தோசை. நடந்ததைப் பையன் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"எந்தப் பாவிண்ணா இவருக்கு நியூட்ரல்ல போகச் சொல்லிக் கொடுத்தது?"

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நானே சொன்னேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுப்பில் தோசை கருகியது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வாசனை.