காலிக்கு ஒரு நாள் காணுமா?

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நண்பரின் மகன், "மாமா, காலிக்கு ஒரு நாள் காணும்தானே?" என்று கேட்டான். அவனது பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். கொஸ்கொடையில் ஆமைக்குஞ்சுகள், மாதுகங்கையில் படகு, ஹிக்கடுவையில் மதிய உணவு, காலிக் கோட்டையில் ஒன்றரை மணித்தியாலம், பின்னர் அதிவேக நெடுஞ்சாலை வழியாகக் கொழும்பு. காணும் என்றேன், ஆனால் அந்த ஒரு நாளை முழுமையாகக் காலிக்கே கொடுக்க வேண்டும்.

வானை விட்டுவிட்டுக் கொழும்பு கோட்டையிலிருந்து காலைப் புகையிரதத்தில் வலப்பக்க யன்னலோரம் அமர்வதே என் ஆலோசனை. கடல் கூடவே வரும். ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவைக் கடக்கையில் மட்டும் அக்கடலை வேறு விதமாகப் பார்க்க நேரும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் ஒரு புகையிரதத்தை ஆழிப்பேரலை புரட்டிப்போட்ட இடம் அது. அதே பேரலை காலியின் பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் சிதைத்தது. அவற்றின் எதிரே நின்ற கோட்டை மதில்களோ உள்ளிருந்தோரைப் பெருமளவுக்குக் காத்தன. பீரங்கிக் குண்டுக்கு அஞ்சி ஒல்லாந்தர் எழுப்பிய மதில், அவர்கள் எண்ணியும் பாராத ஒரு பகைவனிடமிருந்து பிற்காலத்தவரைக் காப்பாற்றியிருக்கிறது!

போர்த்துக்கேயர் தொடக்கிய கோட்டையை 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரித்துக் கட்டினர். 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பழைய வாயிலின் வெளிப்புறத்தில் ஆங்கிலேயரின் இலச்சினையும், உட்புறத்தில் 1669 என்ற ஆண்டுடன் ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினையும் இருக்கின்றன. ஒரு வாயிலைக் கடப்பதற்குள் இரண்டு எசமானர்களைக் கடந்துவிடுகிறோம்.

வழிகாட்டிகள் சொல்வதெல்லாம் இந்த எசமானர்களின் கதையே. எனக்கு அதில்தான் குறை. வெளிச்சவீட்டின் எதிரே, தேவாலயமோ என்று மயங்கவைக்கும் தோற்றத்தில் மீரான் பள்ளிவாசல் நிற்கிறது. அதைச் சூழ்ந்த தெருக்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ். ஒல்லாந்தர் நகரம் என்று விற்கப்படும் இவ்விடத்தில், திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் தமிழில் வழி கேட்கலாம் என்பதை எந்தச் சுற்றுலாத் துண்டுப்பிரசுரமும் நம்மவருக்குச் சொல்வதில்லை. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பிறகு வீடுகளின் மதிப்பு உயர்ந்தது. பல வீடுகள் விடுதிகளும் தேநீர்ச்சாலைகளுமாயின. விற்றவர்களைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. ஆயினும் சுவரையும் கூரையையும் பேணக் காட்டும் அக்கறையில் பாதியையேனும், அங்கு குடியிருப்போர் தொடர்ந்து குடியிருக்கவும் காட்டியிருக்கலாம். ஒன்றரை மணித்தியாலத்தில் வந்து போகிறவருக்கு வெளிச்சவீட்டுப் படமும் குளிர்பானமும் போதும். அவருக்காகவே நகரம் மாறுகிறது.

இன்னொரு சங்கதி. சீனக் கடலோடி செங் ஹோவின் கல்வெட்டு 1911இல் காலியில்தான் கண்டெடுக்கப்பட்டது, அதுவும் ஒரு மதகின் மூடியாக! 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி இஸ்லாமிய மரபையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என மூன்று தரப்புக்கும் காணிக்கைகள். இந்தக் கரையில் வாணிபம் நடத்த எந்த மொழிகள் வேண்டும் என்பதைத் தொலைவிலிருந்து வந்த அக்கடலோடி அறிந்திருந்தார். நமது பெயர்ப்பலகை எழுதுவோர் சிலருக்கு அந்த அறிவு இன்றும் வாய்க்கவில்லை.

மாலையில் மேற்கு மதிலின் மேல் நடக்க வேண்டும். பட்டம் விடும் பிள்ளைகளும் குடைக்குள் ஒதுங்கிய காதலர்களும் அங்கிருப்பர். சூரியன் நேரே கடலுக்குள் இறங்கும். வானில் வந்தவர்கள் அந்நேரம் நெடுஞ்சாலையில் இருப்பார்கள்.

தம்பி என் சொற்படி புகையிரதத்தில் போனான். இரவு தொலைபேசியில் அழைத்து, பள்ளிவாசல் தெருவில் ஒரு ஐயா தேநீர் தந்து, "யாழ்ப்பாணமா?" என்று விசாரித்ததைச் சொன்னான். அந்தக் கல்லைத்தான் காணவில்லையாம். அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருப்பதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். விமானம் ஏறுமுன் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.