வீரரின் நாவும் வாரியத்தின் பிரம்பும்



சட்டம் தடுக்காதவை யாவும் செய்யத் தக்கவை ஆகிவிடா. இவ்வுண்மையை நாம் இல்லத்தில் அன்றாடம் காண்கிறோம். பெற்ற தாயை ஏளனமாகப் பேசும் மகனைச் சிறையில் அடைப்பார் இல்லை. வந்த விருந்தினரை முகம் சுளித்து அனுப்பினால் காவலர் வந்து கேட்பதில்லை. ஆயினும் இவை குற்றமே அல்ல என்று எந்தக் குடும்பமும் சொல்லாது. வீட்டுக்கென ஒரு நெறி உண்டு. அதை மீறுகிறவனுக்குத் தந்தையின் கண்டனமும் உண்டு. இதே கேள்வி விளையாட்டு உலகிலும் அடிக்கடி எழுகிறது. ஒரு வீரர் ஆடுகளத்துக்கு வெளியே, சட்டத்தின் கைக்கு அகப்படாத வகையில், பிறர் மனம் புண்படப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தண்டிக்கும் உரிமை விளையாட்டு அமைப்புக்கு உண்டா?

நம் நாட்டில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 2019-ஆம் ஆண்டு ஜனவரியில். புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் முதன்முதலாக ஆடிய பருவம் அது. முத்தியால்பேட்டைத் தெருக்களிலும் கடற்கரை மணலிலும் மட்டை பிடித்த நம் பிள்ளைகளுக்கு, இந்திய அணியின் சட்டை எட்டாக் கனியன்று என்னும் எண்ணம் துளிர்த்த நேரம். அந்நேரத்தில்தான் அச்சட்டையை அணிந்த இருவர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து அமர்ந்தனர்.

ஹர்திக் பாண்டியா, கே.எல். ராகுல் என்னும் அவ்விருவரும் கலந்துகொண்ட ‘காஃபி வித் கரண்’ நிகழ்ச்சி ஜனவரி 6 அன்று ஒளிபரப்பாயிற்று. பெண்களுடன் தாம் பழகிய விதத்தைப் பாண்டியா வேட்டையாடியவர் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். அதைப் பெற்றோரிடமும் மறைப்பதில்லை என்று பெருமையும் பேசினார். ராகுல் அவ்வளவு பேசவில்லை. உடனமர்ந்து உரையாடலில் கலந்துகொண்டார். பார்த்தவர் பலர் கொதித்தெழுந்தனர். மூன்றாம் நாள் பாண்டியா மன்னிப்புக் கேட்டார். எனினும் 11-ஆம் நாள், உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த நிர்வாகக் குழு இருவரையும் இடைநிறுத்தம் செய்து, ஆஸ்திரேலியாவிலிருந்து நாடு திரும்பச் செய்தது. வினோத் ராயும், இந்தியப் பெண்கள் அணியின் முன்னாள் தலைவி டயானா எடுல்ஜியும் அப்போது அக்குழுவின் உறுப்பினர்கள். மறுநாள் தொடங்கிய ஒரு நாள் போட்டித் தொடரில் இருவரும் ஆடவில்லை.

“அவர்கள் திருடினார்களா? யாரையேனும் அடித்தார்களா? பந்தயக்காரரிடம் ஆட்டத்தை விற்றார்களா? பேச்சுத்தானே!” என்று சிலர் கேட்டனர். ஆடுவதற்கே வாரியம் ஊதியம் தருகிறது, நாவுக்கு வாரியம் எசமானனா என்றும் வினவினர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்விருவரையும் அந்நிகழ்ச்சிக்கு அழைத்துச் சென்றது எது? இந்திய அணியின் சட்டை அன்றோ! அச்சட்டை தரும் புகழை ஏற்றுக்கொள்பவர், அது தரும் பொறுப்பை மட்டும் கழற்றி வைத்துவிட முடியாது. நாட்டுக்காக ஆடுவது குடியுரிமையைப்போல் எல்லார்க்கும் உரியதன்று. ஒருவரை நம்பி ஒப்படைக்கும் பேறு. ஒப்படைத்தவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆகவே, தண்டிக்கும் உரிமை விளையாட்டு அமைப்புக்கு அறவே இல்லை என்பதை நாம் ஏற்கவில்லை.

ஆனால் அந்த உரிமை கூரிய கத்தியைப் போன்றது. அது தவறான கையில் என்ன செய்யும் என்பதற்கு 1968-ஆம் ஆண்டின் மெக்சிகோ ஒலிம்பிக் பந்தயம் சான்று. 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸ் ஆகிய கறுப்பின அமெரிக்கர் இருவரும், பரிசு மேடையில் தலை தாழ்த்தி, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்றனர். தம் இனத்தாருக்கு இழைக்கப்படும் கொடுமையை உலகறியச் செய்வதே அவர்கள் நோக்கம். எந்தச் சட்டத்தையும் அவர்கள் மீறவில்லை. ஆயினும் ஒலிம்பிக் அதிகாரிகளின் உள்ளம் புண்பட்டது. இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு, வீரர் விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். ஐம்பத்தோராண்டுகள் கழித்து, 2019-இல், அதே நாட்டின் ஒலிம்பிக் அமைப்பு அவர்களைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. அன்று பலரைப் புண்படுத்திய செயல் பின்னாளில் நீதியின் குரலாக விளங்கிற்று. புண்பட்டோர் எத்தனை பேர் என்று எண்ணித் தீர்ப்புச் சொன்னால் இத்தகைய பிழை நேரும்.

இதே 2019-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மற்றொன்று, கிறிஸ்தவர்களாகிய நம்மை நெருங்கித் தொடுவது. இஸ்ரேல் ஃபொலாவ் என்பவர் அந்நாட்டின் புகழ்பெற்ற ரக்பி வீரர். தம் விசுவாசத்தில் தீவிரமானவர். குடியர், ஒருபாலுறவினர், விபசாரர், சிலை வணங்குவோர் முதலானோருக்கு நரகம் காத்திருக்கிறது, மனந்திரும்புங்கள் என்று சமூக வலைத்தளத்தில் அவர் வெளியிட்டார். முந்திய ஆண்டே இத்தகைய பேச்சு குறித்து அந்நாட்டு ரக்பி அமைப்பு அவருடன் பேசியிருந்தது. இம்முறை அவருடைய ஒப்பந்தத்தையே முறித்தது. வழக்கு எழுந்தது, டிசம்பரில் இரு தரப்பும் ஒருவரிடம் ஒருவர் வருத்தம் தெரிவித்துச் சமரசம் செய்துகொண்டன.

இங்கே நமக்கு ஒரு சோதனை. “பாண்டியாவைத் தண்டித்தது சரி, ஃபொலாவைத் தண்டித்தது மதத் துன்புறுத்தல்” என்று சொல்லிவிட நா துடிக்கும். அது நேர்மையாகுமா? அப்பட்டியலில் சிலை வணங்குவோரும் இருந்தனர். அச்சொற்களை நம் தெருச் சுவரில் ஒருவர் எழுதி ஒட்டினால், நம் திருவிழாவுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றிச் செல்லும் அடுத்த வீட்டு இந்துச் சகோதரியின் நெஞ்சு எப்படி நோகும்! அதே வேளையில், மன்னிப்புக்கு அழைப்பதாக எண்ணி ஒருவர் சொன்ன சொல்லும், பெண்களை விளையாட்டுப் பொருளாக்கிச் சிரித்த சொல்லும் ஒரே தராசில் நிற்குமா? முன்னதில் நம்பிக்கை இருந்தது, கனிவு குறைந்தது. பின்னதில் நம்பிக்கையும் இல்லை, கனிவும் இல்லை. ஃபொலாவுக்கு அறிவுரையும் சிறிது கால விலக்கும் பொருந்தியிருக்கலாம். பிழைப்பையே பறித்தது மிகை என்பதே நம் கருத்து. நமக்கு உகந்தவர்க்கு ஒரு நீதி, உகவாதவர்க்கு ஒரு நீதி என்றிருத்தல் ஆகாது.

அப்படியாயின் அமைப்புகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? மூன்று வரம்புகள் தேவை. முதலாவது, விதி முன்னரே எழுதப்பட்டு, வீரர் கையொப்பமிடும் நாளில் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஊர் கோபித்த பிறகு விதியைத் தேடுவது நீதியன்று. இரண்டாவது, விசாரித்த பிறகே தண்டிக்க வேண்டும். அவரவர் குற்றத்துக்கேற்ப அளக்க வேண்டும். மூன்றாவது, தண்டனைக்கு முடிவு நாள் வேண்டும். திரும்பி வரும் வழியை அடைத்துவிட்ட தண்டனை திருத்தாது, பழிதீர்க்கும்.

இவ்வரம்புகளைக் கொண்டு 2019-இன் நிகழ்ச்சியை அளந்து பார்ப்போம். விசாரணை முடியுமுன்னரே இடைநிறுத்தம் வந்தது. விசாரிக்க வேண்டிய குறைதீர்ப்பு அதிகாரி அப்போது நியமிக்கப்படவே இல்லை. ஆகவே அது எந்நாள் முடியும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இது குறையே. ஜனவரி 24 அன்று இடைநிறுத்தம் விலக்கப்பட்டது நன்று. பின்னர்ப் பதவியேற்ற குறைதீர்ப்பு அதிகாரி, ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே. ஜெயின், இருவரையும் கேட்டறிந்து ஏப்ரலில் தீர்ப்பளித்தார். ஒவ்வொருவரும் 20 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும்: பணியில் உயிர்நீத்த துணைராணுவக் காவலர் பத்துப் பேரின் துணைவியருக்குத் தலா 1 லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு 10 லட்சம். அபராதம் வாரியத்தின் பெட்டிக்குப் போகாமல் துயருற்றோருக்குப் போனது பாராட்டத்தக்கது. ஆனால் அதிகம் பேசியவருக்கும் குறைவாகப் பேசியவருக்கும் ஒரே தொகை என்பது உறுத்துகிறது. இழிவுபட்டோர் பெண்கள் ஆதலின், பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒரு பங்கு சென்றிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும்.

வழி அடைக்கப்படாததன் பயனையும் நாடு கண்டது. 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு 16 ஓட்டங்கள் தேவைப்பட்ட கடைசி ஓவரை வீசி இந்தியாவை வெல்லச் செய்தவர் அதே பாண்டியா. தம்மை அந்நிகழ்ச்சி ஆழமாகக் காயப்படுத்தியது என்றும், பள்ளியில்கூடத் தாம் அவ்வாறு விலக்கப்பட்டதில்லை என்றும் ராகுல் அதே ஆண்டு மனம் திறந்து பேசினார். அளவோடு தண்டிக்கப்பட்டவர் மீண்டும் எழுந்து நிற்கிறார்.

இறுதியாக ஒன்று. அந்நிகழ்ச்சியில் இரு இளைஞர்கள் மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டவரும் சிரித்தார், வீடுகளில் பார்த்தவருள் சிலரும் சிரித்தனர். வாரியம் இருவரைத் தண்டித்தது. சிரித்த வீடுகளை எந்த வாரியம் தண்டிக்கும்? பெண்ணை இழிவாகப் பேசும் நா பன்னாட்டு ஆடுகளத்தில் முளைப்பதன்று. “ஆண்பிள்ளை, அப்படித்தான் பேசுவான்” என்று தாயும் தந்தையும் சொல்லும் திண்ணையில் முளைக்கிறது.

ஆகவே நம் பங்குகளின் இளைஞர் விளையாட்டுக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்குச் சட்டை தைக்குமுன், களத்திலும் வெளியிலும் எதைப் பேசலாகாது, பேசினால் என்ன நேரும் என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். அதை எழுதும்போது பெண் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். பெற்றோரும் கையொப்பமிடட்டும், ஏனெனில் எல்லைக் கோட்டருகே நின்று எதிரணிச் சிறுவனை வைவோர் பெரும்பாலும் பெரியவர்களே! மீறியவன் உங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரனாயினும் ஓர் ஆட்டம் வெளியே அமரட்டும். அடுத்த ஆட்டத்தில் அவனை அன்போடு அழைத்துக்கொள்ளுங்கள். இவ்வாறு பழகிய பிள்ளை நாளை இந்தியச் சட்டையை அணிந்தால், அவன் நாவைக் காக்க வாரியத்தின் பிரம்பு வேண்டியிராது.