வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழே

இந்த இதழின் அட்டையில் இருப்பது பெங்களூர் தொம்மலூரில் உள்ள சொக்கப்பெருமாள் கோயில் தமிழ்க் கல்வெட்டின் படம். 2025 ஜூன் இதழுக்கென்று எடுத்தது. அச்சக உரிமையாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்ப வேணாங்க சார். பூ கீ ஏதாச்சும் போட்டுக்கலாம். கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அவர் பயந்தாங்கொள்ளி அல்ல. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்த கையோடு ஊர் பற்றி எரிந்தபோது, கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இரண்டு ராத்திரி கிடந்தவர். ஜூன் இதழ் செம்பருத்திப் பூவோடு வந்தது. அட்டை பிரமாதம் என்று நான்கு வாசகர்கள் எழுதியிருந்தார்கள்.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மே 24 அன்று சென்னையில் 'தக் லைஃப்' படத்தின் பாடல் வெளியீட்டு விழா. விருந்தாளியாக வந்திருந்த சிவராஜ்குமாரைத் தன் குடும்பத்தில் ஒருவர் என்று சொல்ல வந்த கமல்ஹாசன், அந்த ஜோரில், உங்கள் மொழி தமிழிலிருந்து பிறந்தது, ஆகவே நீங்களும் இதில் அடக்கம் என்கிற பொருளில் பேசிவிட்டார். மன்னிப்புக் கேட்காமல் படம் இங்கே ஓடாது என்றது கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை. ஜூன் 3 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நாகபிரசன்னா, நீங்கள் என்ன வரலாற்றாசிரியரா, மொழியியலாளரா என்று கேட்டார். ஜூன் 5 அன்று படம் மற்ற ஊர்களில் வந்தது, இங்கே வரவில்லை. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தைக் கும்பல் தடுப்பதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பாதுகாப்பு தருவதாக மாநில அரசு ஒப்புக்கொண்டபோது ஜூன் மூன்றாம் வாரம் ஆகிவிட்டது. அதற்குள் அந்தப் படத்தைப் பார்க்கும் ஆசை ஊரில் யாருக்கும் மிச்சமில்லை.

கமல் அன்பாகத்தான் சொன்னார் என்று நம்மவர்கள் அன்றைக்கெல்லாம் வாதாடினார்கள். அன்பாகத்தான் சொன்னார், தப்பாகவும் சொன்னார். இதைத் தமிழில் எழுதும் பத்திரிகைதான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர். பெயரைப் போடாதீர்கள் என்கிறார், ஆகவே மேஷ்ட்ரு என்றே வைத்துக்கொள்வோம். அந்த வாரம் வந்து உட்கார்ந்தவர் எடுத்த எடுப்பில், "ஏன் சார், நம் பாஷெ நிம் ஹொட்டேலி ஹுட்டித்தா?" என்றார். எங்கள் மொழி உங்கள் வயிற்றில்தான் பிறந்ததா என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டு வரிசையாக எழுதத் தொடங்கினார். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சேரி, கன்னடத்தில் கேரி. சிறிது, கிரிது. செம்மை, கெம்பு. இந்தச் சொற்களிலெல்லாம் பழைய ஒலி ககரம்தான். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் தமிழ் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது, கன்னடம் மாற்றாமல் வைத்திருக்கிறது. மகளிடம் இருக்கும் பழைய நகை தாயிடம் இல்லையென்றால் யார் தாய், யார் மகள்? பாலை ஹாலு என்றும் பல்லை ஹல்லு என்றும் ஆக்கிக்கொண்ட விஷயத்தில் கன்னடம் மாறியது, தமிழ் மாறவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. அந்த வீட்டின் பெயர் தமிழுமல்ல கன்னடமுமல்ல. மூலத் திராவிடம் என்று அறிஞர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கெம்பு என்றதும் எங்கள் அலுவலகத்துக்குக் கணக்கெழுத வரும் அம்மா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போட்டிருந்தது கெம்புக்கல் தோடு. செம்மையைத் தன் வாயில் சகரமாக்கிக்கொண்ட தமிழ், சிவப்புக்கல்லுக்குப் பெயர் வேண்டியிருந்தபோது அண்டை வீட்டில் போய்க் கெம்பு என்று வாங்கி வந்திருக்கிறது. இந்த ஊரை 1537இல் கட்டியவர் என்று நாம் படிக்கும் கெம்பேகௌடரின் பெயரிலும் அதே ஒலி.

சமஸ்கிருதம்தான் எல்லா மொழிக்கும் தாய் என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும்! 1816இல் எல்லிஸ் துரையும் 1856இல் கால்டுவெல்லும் தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவியதை இன்றுவரை நாம் கொண்டாடுவது அந்தத் தாய்ப் பட்டத்தை மறுக்கத்தான். மறுத்து முடித்ததும் காலியான நாற்காலியில் நாமே ஏறி உட்கார்ந்துகொண்டோம். மனோன்மணீயம் 1891இல் வந்தது. அதன் வாழ்த்துப் பாடலில் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழின் வயிற்றில் உதித்தவை என்று வரும் பகுதியை, 1970இல் அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது கருணாநிதி அரசு எடுத்துவிட்டது. அண்டை வீட்டாரின் மனம் கோணக் கூடாது என்கிற அந்த நாசூக்கு அரசாணையில் இருந்தது. மேடைப் பேச்சுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மற்றதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நடிகர் மொழி வரலாற்றைத் தவறாகச் சொன்னால் திருத்த வேண்டியவர் மேஷ்ட்ரு, அந்தத் தாளை வைத்துக்கொண்டு. தியேட்டரைப் பூட்டி வாங்கும் மன்னிப்பால் கிவிக்கும் செவிக்கும் உள்ள உறவு கூடவோ குறையவோ போவதில்லை. கமல் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்நேரம் பிரச்சினை தீர்ந்திருக்கும், ஆனால் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புதிதாகத் தெரிந்திருக்காது.

கமல் செய்தது ஒருவகைப் பிசகு. உறவு உண்மை, முறையைத் தவறாகச் சொன்னார். இந்த மாநிலத்தில் இதைவிடப் பெரிய விளையாட்டெல்லாம் நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையைத் திறக்கப் பிரதமர் மண்டியாவுக்கு வந்தபோது உரிகௌடா, நஞ்சேகௌடா என்ற பெயர்களில் ஒரு வரவேற்பு வளைவு எழுந்தது. திப்பு சுல்தானைக் கொன்ற ஒக்கலிக வீரர்களாம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைக் கம்பெனிப் படை உடைத்துப் புகுந்த சண்டையில் திப்பு இறந்ததை இரு தரப்பும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பக்கங்களில் இந்த இருவரும் இல்லை. தேர்தல் நெருங்கும் வேளையில் அவர்கள் பிறந்தார்கள். அமைச்சராக இருந்த முனிரத்னா அவர்களை வைத்துப் படம் எடுப்பதாகவே அறிவித்தார். ஆதிசுஞ்சனகிரி மடத்து நிர்மலானந்தநாத சுவாமி கூப்பிட்டு, ஆதாரமில்லாமல் இதெல்லாம் வேண்டாம் என்று சொன்ன பிறகு கைவிட்டார். ஒக்கலிகரின் மடமே ஒக்கலிகருக்குச் செய்து தந்த வீரர்களை வேண்டாம் என்று சொன்னது. அந்த நிகழ்ச்சிக்கு ஒரு வளைவு வைத்திருக்கலாம்.

திப்புவைப் பற்றிய காகிதங்கள் கேட்பாரற்றுக் கிடந்ததும் இங்கேதான். மைசூர்த் தொல்லியல் துறையின் ஆர். நரசிம்மாசார் 1916இல் சிருங்கேரி மடத்தில் திப்பு எழுதிய கன்னடக் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1791இல் மராட்டியக் குதிரைப்படை மடத்தைச் சூறையாடிய பின், சாரதையை மீண்டும் பிரதிஷ்டை செய்யத் திப்பு பணமும் பொருளும் அனுப்பிய கதை அவற்றில் இருக்கிறது. குடகிலும் மலபாரிலும் அதே திப்பு செய்த கொடுமைகளுக்கும் அவன் காலத்துக் காகிதமே சாட்சி. இரண்டையும் ஒரே ஆள் செய்தான் என்று சொன்னால் 2015இல் ஜெயந்தி கொண்டாடியவர்களுக்கும் பிடிக்காது, 2019இல் அதை ரத்து செய்தவர்களுக்கும் பிடிக்காது.

சரி, அட்டைக்கு வருகிறோம்.

பெங்களூர்த் தமிழர் கூட்டம் எதிலும் ஒருவர் எழுந்து, இந்த ஊர் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது தெரியுமா, நாம் வந்தேறிகள் அல்ல, என்று சொல்லாமல் கூட்டம் முடியாது. இருப்பது உண்மை. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. தொம்மலூரில் இருக்கிறது, பேகூரில் இருக்கிறது. எதிர்த் தரப்பும் வெறுங்கையோடு வருவதில்லை. பேகூர் நாகேசுவரர் கோயிலில் சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு பெங்களூர்ச் சண்டையைச் சொல்கிறது. கங்கருக்கு அடங்கிய நாகத்தரனைச் சேர்ந்தவர்கள் அதில் மாண்டார்கள். போசள அரசன் இரண்டாம் வீரவல்லாளன் காட்டில் வழிதவறி, ஒரு கிழவி கொடுத்த வெந்த பயற்றைத் தின்று ஊருக்கு 'பெந்தகாளூரு' என்று பெயர் வைத்தான் என்கிற கதையை முன்னூறு ஆண்டு வித்தியாசத்தில் பொய்யாக்கியதும் அந்தக் கல்தான். ஹெப்பாளில் கிட்டய்யன் நடுகல் அதற்கும் முந்தியது, சுமார் 750. ஆக, பந்தயத்தில் கன்னடம் ஐந்நூறு ஆண்டு முந்துகிறது. பந்தயம் என்று ஒன்று இருந்தால்.

கல்லைப் படித்தால் பந்தயம் மறந்துபோகிறது. மடிவாளாக் கல்வெட்டொன்று, வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்கு விட்டதைச் சொல்கிறது. பெங்களூரை வெங்கலூர் என்று எழுதியிருக்கிறார் அந்த எழுத்தர். கன்னடக்காரர் பா என்றால் நாம் வா என்போம், அவர்கள் பேரு என்றால் நாம் வேர் என்போம். அந்த வழக்கப்படி அவர் கை தானாக 'வெ' போட்டிருக்கிறது. தொம்மலூரில் சுமார் 1270இல் அழகியார் என்ற ஒருவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தி. ஆட்சி போசளருடையது, கன்னட மரபு. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையே அப்போது திருவரங்கத்துப் பக்கம் கண்ணனூரில் இருந்துகொண்டு ஆண்டது. இங்கே கன்னட அரசன் பெயரால் தமிழில் வெட்டினார்கள், அதே கோயிலில் பின்னாளில் கன்னடத்திலும் வெட்டினார்கள். எந்த ஊரார் படிக்க வேண்டுமோ அந்த மொழியில் வெட்டினார்கள் போலும்.

வேடிக்கை என்னவென்றால், கல்வெட்டில் பாதிக்குமேல் உண்மையிலேயே நிலப்பத்திரம்தான். எந்த ஏரிக்குக் கீழே, யார் வயலுக்கு மேற்கே, எந்த விளக்குக்கு எண்ணெய் என்று அங்குலம் பிசகாமல் எழுதிய பத்திரம். அந்த ஒரு துண்டு வயலுக்கான பத்திரத்தை ஊருக்கும் மாநிலத்துக்கும் மொழிக்கும் பட்டாவாக நாம் நீட்டுகிறோம்.

அழகியார் நமக்கு என்ன உறவு? அல்சூரிலும் சிவாஜிநகரிலும் மர்பி டவுனிலும் இருக்கும் நாம் பெரும்பாலும் அவர் வழியில் வந்தவர்களல்ல. 1809இல் வெள்ளைக்காரன் கண்டோன்மென்ட் போட்டபோது அவன் பின்னால் வடாற்காட்டிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். மெட்ராஸ் சாப்பர்ஸில் மண் வெட்டியவர்கள், பட்லர்கள், வண்டிக்காரர்கள், கொத்தனார்கள், பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள், கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். உயர் நீதிமன்றம் நடக்கும் சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியை 1860களில் குத்தகை எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அந்தச் சுவரின் சாந்து குழைத்தவர்களைப் பற்றி ஒரு கல்லிலும் ஓர் எழுத்தில்லை. சோழன் வழியென்று சொல்லிக்கொள்ள வரும் ஆசை, பாட்டன் சித்தாள் என்று சொல்ல வருவதில்லை. இருநூறு ஆண்டுச் சொந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணூறு ஆண்டுக் கதையை இரவல் வாங்கி அலைகிறோம். அந்தச் சொந்தக் கதைக்குத்தான் இந்த இதழில் முப்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். தங்கவயல் தாத்தாக்களின் பேச்சு வழக்கு அப்படியே வருகிறது, பிழை திருத்தவில்லை.

அட்டைப் படத்தைச் சரிபார்க்கப் போன மாதம் மேஷ்ட்ருவோடு தொம்மலூருக்கும் மடிவாளாவுக்கும் போய்வந்தோம். கையில் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியின் நகல். ரைஸும் இதே ஊரில் பிறந்தவர், 1837இல். தமிழ்க் கல்வெட்டு என்று மார்தட்டும் நம்மால் கல்லில் நான்கு எழுத்தைத் தொடர்ச்சியாகப் படிக்க முடியவில்லை, நடுவில் கிரந்தம் வேறு. மேஷ்ட்ருவுக்குப் பழங்கன்னடம் தண்ணீர்பட்டபாடு, தமிழ் எழுத்து தெரியாது. நாம் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல அவர் பொருள் சொன்னார். "ஏரின்னா கெரெதானே?" என்றார். கெரெக்கும் நம் சிறைக்கும் வேர் ஒன்று, நீரைச் சிறைவைத்த இடம். மலையாளத்தில் இன்றும் சிற என்றால் குளம்.

திரும்பும்போது மெஜஸ்டிக்கில் பஸ் மாற வேண்டியிருந்தது. நல்ல மழை. நடைமேடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பத்திரத்தில் எழுதிய அந்தப் பெரிய ஏரி இப்போது எங்கே இருக்கும் என்று மேஷ்ட்ருவிடம் கேட்டோம். அதை விடுங்கள் என்பதுபோலக் கையை அசைத்தார். கெம்பேகௌடர் பெயர் தாங்கிய இந்த பஸ் நிலையமே தர்மாம்புதி ஏரிதான், சம்பங்கி ஏரிமேல் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது என்றார். பிறகு கலங்கிய தண்ணீரில் நின்றிருந்த தன் காலைக் காட்டி, "இதோ, கெரெ இல்லே இதெ சார்" என்றார். ஏரி இங்கேயேதான் இருக்கிறது என்று.