தள்ளுபடியும் ஷேர் ஆட்டோவும்

சுருளிப்பட்டியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிற பையன்கள் வீடு பார்க்கும்போது, வாடகைக்கும் தண்ணீருக்கும் அடுத்தபடியாக “பக்கத்துல டிமார்ட் இருக்கா?” என்கிறார்கள். 2002-இல் மும்பை பவாயில் தொடங்கிய அந்தத் தள்ளுபடிக் கடை பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில்தான் நடக்கும். அதனால் மனை விலை கட்டுப்படியாகிற பக்கமாகப் போய்விடும். பைக் இருப்பவனுக்குச் சரி. பத்துக் கிலோ அரிசியோடு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறவனுக்கு, பில்லில் மிச்சம் பிடித்தது வண்டிக்கே சரியாகிவிடும். தி.நகர் ரங்கநாதன் தெருவின் சாமர்த்தியமே வேறு: மாம்பலம் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் கடை, கட்டைப்பையோடு திரும்பினால் மின்சார ரயில். அங்குள்ள சரவணா ஸ்டோர்ஸ் விலையைவிட அந்த ஸ்டேஷனைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் டவுனுக்குப் போய் மாதச் சாமான் வாங்கி, மூட்டையை டவுன் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வருகிற அம்மாக்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. வீடு பார்க்க அவர்களையும் கூட்டிப் போங்களேன், தம்பிகளா.