கேடயத்தைத் திருப்பிப் பாருங்கள்

வட்டப் பலகை, அதன்மேல் பின்னல் வேலைப்பாடு செய்த தோல், வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழாணிகள். இவ்வளவும் இருந்துவிட்டால் போதும். ‘1746இல் கலோடன் போர்க்களத்தில் ஏந்திய ஸ்காட்லாந்துக் கேடயம்’ என்று சீட்டு எழுதி ஒட்டிவிடும் வணிகர்கள் இருக்கிறார்கள். மறுபேச்சின்றி நம்பும் ரசிகர்களும் இருக்கிறார்கள். ஆர்வமிகுதியால் நேரும் சிறு பிழைதானே என்று சமாதானம் சொல்வோரை நான் ஏற்பதற்கில்லை.

‘டார்ஜ்’ எனப்படும் இக்கேடயம் ஸ்காட்லாந்து மலைநாட்டவருடையது. 1746 ஏப்ரல் 16 அன்று கலோடனில் ஜாக்கபைட் படை வீழ்ந்தது. அவ்வாண்டின் ஆயுதப் பறிப்புச் சட்டம் வாளோடு கேடயத்தையும் தடை செய்தது. 1773இல் சாமுவேல் ஜான்சனுடன் அங்கே பயணம் செய்த ஜேம்ஸ் பாஸ்வெல், கேடயங்களைக் காண்பதே அரிதாகிவிட்டதென்றும், சட்டத்துக்குப் பின் மக்கள் அவற்றை மோர்ப் பீப்பாய்களுக்கு மூடியாக்கிவிட்டார்கள் என்றும் பதிவு செய்கிறார். இருபத்தேழே ஆண்டுகளில் அருகிப்போன பொருள் பிற்காலத்தில் இத்தனை மாளிகைச் சுவர்களில் முளைத்தது எப்படி?

விடை 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது வால்ட்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பு, மலைநாட்டுக் கோலத்தை மேட்டுக்குடி நாகரிகமாக்கியது. விக்டோரியா அரசியின் காலத்தில் சுவரலங்காரத்துக்கென்றே கேடயங்கள் செய்யப்பட்டன. பழைய பின்னல் கோலங்களையே பார்த்துச் செய்தார்கள். எனவே முகப்பை மட்டும் கண்டு காலம் கணிப்பது, பழஞ்சொற்கள் பயில்வதாலேயே ஒரு செய்யுளைப் பழையதென்பதற்கு ஒப்பாகும். இலக்கியம் பயின்ற நாம் இதைச் செய்யலாமா?

கேடயத்தின் வாக்குமூலம் அதன் முதுகில் இருக்கிறது. மெய்யான டார்ஜ் ஏறத்தாழ 50 செ.மீ. குறுக்களவுடையது. இரண்டடுக்குப் பலகைகளை இழையோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு வைத்து, மரமுளைகளால் இணைத்திருப்பார்கள். பின்புறம் விலங்குத்தோல் போர்த்தி, முன்கை நுழையப் பட்டையும் பற்றக் கைப்பிடியும் வைத்திருப்பார்கள். கையே நுழையாத பட்டை, சுவரில் மாட்டுவதற்கென்றே அமைந்த வளையம், பலகையில் வட்டரம்பத்தின் சீரான வளைகோடுகள், இயந்திரக் கம்பியாணிகள் ஆகியவை பிற்காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பழுதுபார்த்தபோது புதிய ஆணி ஏறியிருக்கலாம். ஆகையால் ஒற்றைச் சான்றைக் கொண்டு தீர்ப்பெழுதவும் கூடாது.

‘அழகை ரசிக்க விடமாட்டீர்களா?’ என்று கேட்பார்கள். தாராளமாக ரசிக்கட்டும். விக்டோரியா காலக் கேடயம் தன் காலத்தின் மோகத்துக்கு நேர்மையான சாட்சி. அதைக் கலோடன் கேடயமென்று கூறும்போது அந்தச் சாட்சியும் கெடுகிறது. தடைச் சட்டமும் கண்ணிலிருந்து மறைகிறது. தோற்ற மக்கள் தம் கேடயத்தைப் பீப்பாய் மூடியாக்கிய கதையின்மேல் வென்றவர்களின் வரவேற்பறை அலங்காரம் மாட்டப்படுகிறது.

பொய்யான தேதி வெறும் எண் பிழையன்று. அது வரலாற்றின் வாயை அடைப்பது.