நிறுத்திய காருக்குள் சத்தம்: எதை விடலாம், எதை விடவே கூடாது?

மதுரை கே.கே.நகரிலோ புதூரிலோ இரவு காரை நிறுத்திவிட்டு இறங்கினால், அடியிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும். முன்பக்கம் ஃபேன் 'விர்ர்' என்று சுற்றும். "வண்டியைத்தான் ஆஃப் பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்று பதறி மெக்கானிக்குக்கு போன் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. ஆனால் நிறுத்திய காரிலிருந்து வரும் ஒரு சத்தம் மட்டும் வேறு ரகம். அது யார் காதிலும் விழாமல் போனால் உயிரே போய்விடும்.

முதலில் சாதாரண சத்தங்கள். ஓடும்போது சைலன்சர் குழாய் சில நூறு டிகிரி வரை சூடாகும். நின்றதும் உலோகம் சுருங்கும், அதுதான் அந்த 'டிக் டிக்'. என்ஜின் சூடு இறங்கும் வரை பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகவே ஓடும். மின்சாரக் காரில் சார்ஜ் ஏறும்போது பேட்டரியைக் குளிர்விக்கும் பம்ப் முனகும். டொயோட்டாவின் சில வெளிநாட்டு மாடல்களில் இன்னும் விசித்திரம்: வண்டி நின்று 5 மணி நேரம் கழித்து, பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று கம்ப்யூட்டர் தானாக விழித்துச் சோதிக்கும். நடுராத்திரியில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்தான்.

பானெட்டுக்குள் பிறாண்டும் சத்தம் என்றால் எலியோ பூனையோ இருக்கலாம். மேலூர், சோழவந்தான் பக்கம் வயலோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலி கடித்த வயர் புதிதல்ல. ஸ்டார்ட் பண்ணும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டினால் போதும். ஜப்பானில் நிசான் நிறுவனம் 2015-ல் இதையே ஒரு பிரசாரமாக நடத்தியது. புகையோ தீய்ந்த வாடையோ சேர்ந்து வந்தால் மட்டும் விலகி நின்று 101-ஐ அழைக்க வேண்டும்.

விடக்கூடாதது, உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

2022 ஜூனில் நெல்லை மாவட்டம் பணகுடியில், நிறுத்தியிருந்த காரில் ஏறி விளையாடிய 3 குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் அருகே துவாரபூடியில் இதேபோல 4 குழந்தைகள். பூட்டாமல் நின்ற கார், விளையாட்டு, உள்ளே மாட்டிக்கொள்வது: இரண்டு இடத்திலும் ஒரே கதை. கோடை விடுமுறையில், மண்டப வாசலிலும் வீட்டுத் திண்ணையோரத்திலும் கார்கள் நிற்கும் எந்த ஊரிலும் இது நடக்கலாம்.

செய்திகள் 'மூச்சுத்திணறி பலி' என்றே எழுதுகின்றன. உண்மையில் பெரும்பாலும் முந்திக்கொண்டு கொல்வது வெப்பம்தான். இந்தக் குழப்பத்தால்தான் "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டா காத்து போகும்ல" என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைச் சற்று இறக்கியும் பெரிய மாற்றம் இல்லை. வேப்பமர நிழலும் முழுப் பாதுகாப்பு இல்லை. நிழலில் நின்ற காரிலும் 2 வயதுக் குழந்தையின் உடல் சுமார் 2 மணி நேரத்தில் ஆபத்தான சூட்டை எட்டலாம் என்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் கணக்கிட்டது. மதுரை மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறின குழந்தையால் ஏன் இறங்க முடிவதில்லை? பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. முன்கதவில் அந்த லாக் கிடையாது. "மாட்டிக்கிட்டா முன்சீட்டுக்கு ஏறிப் போ, கைப்பிடியை ரெண்டு தடவை இழு, ஹாரனை அழுத்திக்கிட்டே இரு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது. பல கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடலாம். குழந்தையைக் காணோம் என்றால் கிணறு, குளத்தோடு பக்கத்தில் நிற்கும் கார்களையும், டிக்கி உட்பட, உடனே பார்க்க வேண்டும்.

சரி, அடுத்தவர் காருக்குள் குழந்தை துவண்டு கிடந்தால்? உரிமையாளரைத் தேடிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒருவர் 112-க்கோ 108-க்கோ பேசட்டும். இன்னொருவர் குழந்தைக்குத் தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் அடிக்கட்டும். முன்கண்ணாடி இரட்டை அடுக்கு, லேசில் விடாது. "கண்ணாடியை உடைச்சா கேஸ் ஆகுமோ" என்ற தயக்கமும் வேண்டாம். பெரிய தீங்கைத் தடுக்க, கெட்ட எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-வது பிரிவு. வெளியே எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும். மயக்கத்தில் இருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.