ஆறுதல் கூறுவதும் உழைப்பே

நம் நாட்டில் மனநல மருத்துவர்கள் லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்கூட இல்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்களுக்கு உள்ளானோரில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையின்றி இருப்பதை, பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு காட்டியது. ஆகவே, ஊராரில் சிலருக்கே பயிற்சியளித்து, துயருறுவோருக்குத் துணைநிற்கச் செய்யலாம் என்ற யோசனை வலுப்பெற்றுள்ளது. இது வெறும் நல்லெண்ணம் அன்று. சோதித்து அறியப்பட்ட வழி.

கோவாவில் 24 மருத்துவ நிலையங்களில் இதற்கென ஓர் ஆய்வு நடந்தது. பாதி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், பாதி தனியார் மருத்துவமனைகள். மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர்வாசிகள் பயிற்சி பெற்று ஆலோசகர்களாகப் பணியாற்றினர். நோயின் பெயரைச் சொல்லி மிரட்டாமல், மக்கள் தாமே வழங்கும் ‘டென்ஷன்’ என்ற சொல்லைக் கொண்டே பேசினர். (மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இச்சொல்தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். ‘உளச்சிகிச்சை’ என்ற பதாகையைக் கண்டு உள்ளே வருவோர் எத்தனை பேர்?) 2010இல் வெளியான முடிவுகளின்படி, அரசு நிலையங்களில் ஆலோசகர் துணை பெற்றோரில் 65.9 விழுக்காட்டினர் ஆறு மாதங்களில் குணமடைந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 42.5 விழுக்காட்டினரே. தனியார் மருத்துவமனைகளில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அங்கே மருத்துவரே நோயாளியுடன் பேச நேரம் ஒதுக்கியது காரணமாக இருக்கலாம். அரசு நிலையத்தின் நீண்ட வரிசையில் நிற்கும் ஏழைக்குக் கிடைக்காதிருந்தது அந்த நேரமே.

இந்த நேரத்தை இனி யார் தருவது? ஒன்றிய அரசின் கண் ஆஷா ஊழியர்கள் மீதே விழுகிறது. தாய்சேய் நலம், தடுப்பூசி, காசநோய் எனத் தோள் தாங்காத சுமைக்கு மேல், மனநலப் பிரச்சினை உள்ளோரைக் கண்டறியும் பணியும் சேர்ந்துவிட்டது. அவர்களோ இன்றும் ‘தன்னார்வலர்’கள்! அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கவேண்டும் என 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்னும் ஏட்டிலேயே கிடக்கிறது. அடுத்தவர் கண்ணீரை நாள்தோறும் கேட்கும் பெண்ணின் மனத்தை யார் கேட்பது? கோவாவில் ஆலோசகர்களுக்கு வல்லுநர்களின் தொடர்ந்த மேற்பார்வை இருந்தது. அதை விட்டுவிட்டு, ஒருநாள் பயிற்சியும் ஒரு படிவமும் கொடுத்து அனுப்புவது சிக்கனமே தவிர சிகிச்சை ஆகாது.

கந்துக்கடனால் நொந்தவருக்குக் கனிவான சொல் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஆயினும் ‘கடன் தீர்ந்தால் மனமும் தேறிவிடும்’ என்று சொல்லி நகர்ந்துவிடும் வழக்கம் நம் தோழர்களிடையே உண்டு. மனத்தளர்ச்சியைக் குட்டி முதலாளித்துவப் பலவீனமாகக் கருதுவோரும் இல்லாமல் இல்லை. கடன் தீரும்வரை அந்த மனிதர் உயிரோடிருக்க வேண்டாமா?

தொழிற்சங்க, மாதர் சங்கக் கிளைகள் இப்பயிற்சியைத் தாமே கோரிப் பெறலாம். குறுக்கிடாமல் கேட்பது, தற்கொலை எண்ணம் உண்டா எனத் தயங்காமல் வினவுவது (வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை), 14416 என்ற டெலி மனஸ் எண்ணையும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் அணுகச் செய்வது ஆகியவை கற்கக் கூடியவையே. கூடவே, ஆஷா ஊழியரின் அடுத்த போராட்டக் கோரிக்கைப் பட்டியலில், மனநலப் பணிக்குத் தனி ஊதியமும் முறையான மேற்பார்வையும் இடம்பெற வேண்டும்.